கழுவிய மரை

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கிளாம்புகளை நான்தான் கழுவினேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிளாம்புகள் எங்களுடையவை அல்ல. நாலு தெரு தள்ளி லேத்துப் பட்டறை வைத்திருப்பவரிடம் என் தங்கையின் கணவர் இரவல் கேட்டிருந்தார். வேலை முடிந்து வரும் வழியில் போய் வாங்கி வந்தவன் நான். பட்டறைக்காரரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நிதானமா சொல்லுங்க" என்பார். மோட்டார் நின்றுபோய்த் தலைதெறிக்க ஓடி வந்தவர்களிடமும் அதையே சொல்வார். அன்று அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. ஒரு சாக்குப் பையை நீட்டி, "பத்திரம்" என்றார். பையின் அடிப்பக்கம் கறுப்பாக ஊறியிருந்தது.

உள்ளே இரண்டு இரும்புத் தண்டுகள். கட்டைவிரல் பருமன், ஒரு முழ நீளம், முழுக்க மரை வெட்டியவை. ஒவ்வொரு தண்டிலும் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. கார் ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றை மாட்டித் தண்டைத் திருகினால் கொக்கிகள் ஒன்றையொன்று நெருங்கும், நடுவில் ஸ்பிரிங் அமுங்கும். மரைகளின் பள்ளமெல்லாம் தார் போல ஒரு கறுப்புப் பசை அப்பியிருந்தது. பையைத் திறந்ததும் என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது.

நான் ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருபத்தோரு வருஷமாக இருக்கிறேன். ஆபரேஷன் அறையிலிருந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, நீராவியில் வைத்து எடுத்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. அழுக்கு ஒட்டிய இரும்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். பழைய பல் பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்தேன். சோப்பும் வெந்நீரும் விட்டு அலசி, துணியால் ஒற்றி, காற்றில் காயவைத்தேன். கடைசியாக, ஆஸ்பத்திரியில் கத்தரிகளின் கீலுக்கு நாங்கள் பூசும் வெள்ளைத் திரவத்தைப் பூசினேன். அதற்குப் பெயர் என்னவோ நீளமாக இருக்கும். நாங்கள் பால் என்போம். கீல் இறுகாமல் இருக்கும், துருப்பிடிக்காது. வீட்டுக் கத்தரிக்கோலுக்கென்று ஒரு சின்னப் புட்டி என்னிடம் உண்டு.

தங்கை துணி எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"நாளைக்கு ஆபரேஷன் யாருக்கு அண்ணா? வண்டிக்கா, இவருக்கா?"

"வண்டிக்குத்தான்."

"சக்களத்திக்கு இவ்வளவு உபசாரம். எனக்கு ஒரு நாள் தலைவலின்னா மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை."

சக்களத்தி என்று அவள் சொன்னது மாப்பிள்ளையின் காரை. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். அவர்கள் கல்யாணத்தைவிட எட்டு வயது மூத்தது. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். வாரம் முழுக்க உயரமான கட்டடங்களின் லிஃப்ட் கிணற்றுக்குள் தொங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காருக்கடியில் படுத்துக்கொள்வார். என் மனைவி போனபிறகு ஆறு வருஷமாக அந்த வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பவன் நான். என்னை அவர் ஒரு நாளும் வாடகைக்கு இருப்பவனைப் போல நடத்தியதில்லை.

அந்த ஞாயிறு, முன்சக்கரங்களின் ஸ்ட்ரட் இரண்டையும் மாற்றுவதாக ஏற்பாடு. ஸ்ட்ரட் என்பது வேறொன்றுமில்லை. உயரமான ஒரு ஷாக் அப்சார்பர், அதன் தோள்மேல் சுற்றி உட்கார்ந்த ஒரு பெரிய ஸ்பிரிங், உச்சியில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு நட். முன்னால் காரை வைத்திருந்தவர் கம்பெனி ஸ்ட்ரட்டை எடுத்துவிட்டு வேறு ஏதோ தயாரிப்பைப் போட்டிருந்தார். அது எண்ணெய் கசிந்து செத்துவிட்டது. மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்ததும் வெளித் தயாரிப்புதான், இன்னொரு கம்பெனியுடையது.

எட்டரைக்கு ஆரம்பித்தோம். காரை ஸ்டாண்டு மேல் ஏற்றி, முன்சக்கரங்களைக் கழற்றி, முதலில் வலது பக்கம். அவர் ஸ்ட்ரட்டை இறக்கித் தரையில் கிடத்தினார். கிளாம்புகளைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன மச்சான், புதுசு வாங்கிட்டீங்களா?"

"அதேதான். கழுவினேன்."

"பளபளன்னு இருக்கு. திருப்பிக் கொடுத்தா அவருக்கே அடையாளம் தெரியாது."

அவர் அதோடு அதை மறந்துவிட்டார். நானும்தான்.

வலது பக்கத்துக்கு அவர் கன்னைத் தொடவில்லை. கன் என்றால் நட்டை அடித்து அடித்துச் சுழற்றும் மின்கருவி. கையால்தான் ஸ்பானர் போட்டார். இந்தத் தண்டில் நாலு சுற்று, அந்தத் தண்டில் நாலு சுற்று. ஸ்பிரிங் அமுங்க அமுங்கத் தண்டு கீச்சென்றது.

"கேட்டீங்களா, முனகுது."

"பழைய ஸ்பிரிங் இல்லையா" என்றேன்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. பால் பூச மறந்த கத்தரியை விரித்தால் வரும் சத்தம். பூசியிருந்தேனே என்று என் காதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உச்சி நட்டைக் கழற்றி, செத்த ஷாக்கை உருவி, புதியதைச் செருகியபோது அது கொஞ்சம் குட்டையாக நின்றது. புதியதன் தோள் பழையதைவிட உயரத்தில் இருந்தது. ஸ்பிரிங்கை இன்னும் இரண்டு விரல் அமுக்கினால்தான் நட் மரையைப் பிடிக்கும். அமுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. நட் பிடித்தது. கிளாம்புகளைத் தளர்த்தும்போது தண்டைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

பதினோரு மணிக்கு இடது பக்கம். மாப்பிள்ளையின் தோள் வலித்தது. "இதுக்குக் கன் போட்டுக்கறேன், கை போயிடுச்சு" என்றார். பழைய ஷாக்கை உருவி எடுக்கும்வரை எல்லாம் சரியாகவே போனது. இப்போது ஸ்பிரிங் தனியாக நின்றது. நடுவில் ஷாக் இல்லை, உச்சியில் நட் இல்லை. ஒரு முழத்துக்கு மேல் இருந்த பொருள் ஒரு சாணும் மூன்று விரலுமாகச் சுருங்கி, இரண்டு தண்டுகளின் பிடியில் மட்டும் இருந்தது. புதிய ஷாக்குக்காக இன்னும் இரண்டு விரல் வேண்டும். கன்னை முதல் தண்டில் வைத்து அழுத்தினார். டகடகவென்று அடித்தது. சட்டென்று ஒரு கிறீச். கன் நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினார். தண்டு அசையவில்லை. திருப்பிச் சுழற்றிப் பார்த்தார். அப்படியும் அசையவில்லை. ஸ்பானர் போட்டு மெதுவாக இழுத்தார். ஸ்பானர் வளைவது போலிருந்ததே தவிர மரை நகரவில்லை.

"மேலயும் போகலை, கீழயும் வரலை" என்றார். பிறகு கன்னைப் பார்த்தார். "நான்தான் மச்சான். அவசரப்பட்டு கன் போட்டேன் பாருங்க, சூட்டுல மரை பிடிச்சுக்கிச்சு. தப்பு என் மேலதான்."

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கறுப்புப் பசை அழுக்கில்லை. ஒரு டன் பாரத்தில் இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நிதானம் வேண்டுமென்றே அப்பி வைத்தது. கத்தரிக்கோல் கீலுக்குப் பூசும் பால் அந்த இடத்தில் தண்ணீருக்குச் சமம். அதுவும் வலது பக்கச் சூட்டிலேயே காய்ந்திருக்கும். மரைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டுவிட்டன.

சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டு பழியைத் தன் மேல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதைத் திருப்பி வாங்க எனக்கு இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. "பார்த்துக்கலாம்" என்றேன். இன்றைக்கும் எனக்குப் புரியாத வார்த்தை அதுதான்.

ஸ்பிரிங் நேராக நிற்கவில்லை. இறுகிய தண்டின் பக்கம் கொஞ்சம் குறுகி, மற்றப் பக்கம் கொஞ்சம் உப்பி, முதுகு வளைந்த ஆள் போல நின்றது. கொக்கி ஒன்று சுருளின் வளைவில் நுனியாகத் தொற்றிக்கொண்டிருந்தது. அது நழுவினால் அந்த இரும்பு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் இருப்பவருக்கு முகம் இருக்காது.

"யாரும் கிட்ட வராதீங்க. சாப்பிட்டுட்டு யோசிப்போம்" என்றார் மாப்பிள்ளை.

ஷெட்டின் கதவைச் சாத்தும்போது இருவரும் குனிந்தே வெளியே வந்தோம். ஏன் குனிந்தோம் என்று தெரியவில்லை. சத்தம் போட்டால் அது விழித்துக்கொள்ளும் என்பது போல மெதுவாகத்தான் நடந்தோம்.

சாப்பாட்டு மேஜைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். மாப்பிள்ளை அந்தச் சுவரைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். தங்கை தட்டு வைத்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க?"

மாப்பிள்ளை சொன்னார். எதையும் குறைக்காமல், கன் போட்டது முதல். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அவசரம் வேணாம்னு. லிஃப்ட்லயும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

"அங்க பண்ணமாட்டேன்."

"வீடுன்னா மட்டும் இளக்காரமா? இரவல் வாங்கின சாமான் வேற. அண்ணனைப் பாருங்க, ஒரு பொருளை எப்படி வச்சுக்கறதுன்னு. நேத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேய்ச்சாரு. நீங்க ஒரே நிமிஷத்துல அதைக் கெடுத்துட்டீங்க."

மாப்பிள்ளை தலையைக் குனிந்து சாப்பிட்டார். "சரி, சரி. அண்ணன் மாதிரி எல்லாராலயும் முடியுமா" என்றார். குத்தலாக அல்ல. மனதாரத்தான் சொன்னார்.

என் தட்டில் இருந்ததை நான் முழுக்கச் சாப்பிட்டேன். அவள் இன்னொரு முறை பரிமாற வந்தபோது போதும் என்று கையைக் காட்டினேன். அந்த மேஜையில் சொல்லியிருந்தால் ஒரு குட்டு, ஒரு கிண்டல், அதோடு முடிந்திருக்கும். நேரம் ஆக ஆக அதன் விலை ஏறிக்கொண்டே போனது. நான் அதைத் தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்கு மாப்பிள்ளை எழுந்தார். அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது.

"இறுகினதை இன்னும் ஒரே தடவை கன்னால தட்டிப் பார்க்கறேன். வரலைன்னா விட்டுடறேன். அந்த ரெண்டாவது தண்டு நல்லா இருக்கு, அதுல கன் அதிகம் படலை. அதைக் கையால கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்திடுவேன். பாதி பாரம் போயிடும்."

"வேணாம் மாப்ள, வேற யாரையாவது கூப்பிடலாம்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை யார் வருவா? அதை அப்படியே விட்டுட்டு ராத்திரி தூங்கமுடியுமா மச்சான், சுவருக்கு அந்தப் பக்கம் அவ சமைச்சுக்கிட்டு இருக்கா."

"அப்படின்னா முகத்துக்கு ஏதாவது போட்டுக்குங்க."

என் அறைக்கு ஓடி, ஆஸ்பத்திரியில் கருவி கழுவும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடித்தாள் முகமூடியை எடுத்து வந்தேன். தண்ணீர் தெறிக்காமல் இருக்க மட்டும் உதவும் பொருள். அதை அவர் கையில் கொடுத்தபோது எனக்கே கூசியது. அவர் சிரித்துக்கொண்டு மாட்டிக்கொண்டார்.

"நான் இப்ப டாக்டரா, பேஷன்ட்டா?"

கன்னை இறுகிய தண்டில் வைத்தார். நான் கதவோரம் நின்றேன். ஒரு முறை அழுத்தினார். டகடகவென்ற சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம் கேட்டது. டக். அவ்வளவுதான். கொக்கி அரை விரல் நழுவிப் பழையபடி நின்றது. ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. தரையில் கிடந்த பலகை லேசாக அதிர்ந்து அடங்கியது.

பிறகு அவர் கன்னை மெல்லக் கீழே வைத்துவிட்டு, ஸ்பானரை எடுத்தார். இரண்டாவது தண்டின் தலையில் பொருத்தினார். அதைப் பார்த்துத் திருக அவர் குனிந்தே ஆக வேண்டும். முகம் ஸ்பிரிங்குக்கு நேர் மேலே வந்தது. அந்தத் தண்டையும் நான்தான் கழுவியிருந்தேன். அதுவும் பாதி வழியில் கடித்துக்கொள்ளும். அப்போது முழுப் பாரமும் நழுவிய கொக்கியின் மேல் விழும்.

"மாப்ள, விடுங்க" என்றேன். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "அது நல்லா இல்லை. ரெண்டும் ஒண்ணுதான். மரையில இருந்த பசையை நான் கழுவிட்டேன். கன்னால இல்லை, அதனாலதான் இறுகிச்சு."

அவர் நிமிரவில்லை. ஸ்பானரைப் பிடித்த கை அப்படியே இருந்தது. பிறகு, தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவது போல, ஸ்பானரை மேலே தூக்கி எடுத்தார். எழுந்து பின்பக்கமாகவே நடந்து என் பக்கத்தில் வந்து நின்றார். முகமூடிக்குள் அவர் மூச்சு பனி போலப் படிந்திருந்தது.

"சரி" என்றார். போனை எடுத்து நிதானத்தைக் கூப்பிட்டார்.

மூன்று மணிக்கு நிதானம் வந்தார். ஷெட் வாசலிலேயே நின்று, உள்ளே கால் வைக்காமல், கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்தார்.

"பசை எங்க?"

நான் பேச வாயெடுத்தேன். மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "துடைச்சுட்டோம். தெரியாமப் போச்சு."

"தெரியாமத்தான். தெரிஞ்சு யாராவது பண்ணுவாங்களா" என்றார் நிதானம். "இங்க வச்சு ஒண்ணும் பண்ணமுடியாது. பட்டறைக்கு வரட்டும். பிரஸ்ல வச்சு மேலருந்து இன்னும் அமுக்குவோம். அமுங்கினா கொக்கிக்கு வேலை போயிடும், கம்பியால தட்டி எடுத்துடலாம். அப்புறம் பிரஸ்ஸை மெதுவா விட்டா அதுவா எழுந்துக்கும்."

"எப்படிக் கொண்டுபோறது?"

"அதுதான் நிதானமா யோசிக்கணும்."

வண்டியில் ஏற்றினால் ஒரு பள்ளம் போதும். ஆகவே தள்ளிக்கொண்டு போவதென்று முடிவானது. நிதானம் ஒரு நீண்ட சங்கிலியைச் சுருளுக்குள்ளும் வெளியிலுமாக நாலு சுற்று நுழைத்து, இரும்பைத் தொடாமல் தொட்டுக் கட்டினார். மாப்பிள்ளை சிலிண்டர் தள்ளும் சின்ன வண்டியைக் கொண்டுவந்தார். தங்கை பழைய மெத்தையைக் கொடுத்தாள். ஸ்பிரிங்கை மெத்தையில் சுருட்டிக் கயிறு கட்டி வண்டியில் படுக்கவைத்தபோது அது ஒரு குழந்தையின் உடம்பளவு இருந்தது. நிதானம் முன்னால் நடந்து சாலையைப் பார்த்தார். மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்தார். "நான் தள்றேன்" என்றேன். அவர் கேட்காதது போல நடந்தார். நான் பக்கவாட்டில், மெத்தை சரியாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு போனேன்.

நாலு தெரு. நாற்பது நிமிஷம். வெயில் முதுகில் அடித்தது. ஒவ்வொரு சாக்கடை மூடிப்பலகைக்கும் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கி, இறக்கினோம். மெத்தைக்குள் அவ்வப்போது ஒரு சின்ன முணுமுணுப்பு கேட்டது. சங்கிலியா, கொக்கியா என்று தெரியவில்லை. முடிதிருத்தும் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து பார்த்தார்.

"என்னப்பா இது, பொட்டலம் கட்டி ஊர்வலம்?"

"வீட்டுல கட்டில் உடைஞ்சுபோச்சு" என்றார் நிதானம், திரும்பாமலே.

"கட்டிலுக்கு மூணு பேரா?"

"ரொம்ப நாள் பழகின கட்டில்."

அந்த ஆள் சிரித்துக்கொண்டே கூடவே நாலடி நடந்து வந்தார். மெத்தையைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் முகம் சுருங்கியது. "பெரிய புதையல்தான்" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டார். மாப்பிள்ளை ஒரு முறை என்னைப் பார்த்தார். அப்புறம் சாலையைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் அவர் என் பக்கம் திரும்பியது அந்த ஒரு முறைதான்.

பட்டறையில் பிரஸ் ஒரு தூக்குமேடை போல நின்றது. இரண்டு இரும்புத் தூண், நடுவில் மேலிருந்து இறங்கும் ஓர் உருளை. நிதானம் ஸ்பிரிங்கை அதனடியில் நிற்கவைத்து, கீழும் மேலும் தட்டு கொடுத்து, முன்பக்கம் தடித்த கம்பி வலையை மாட்டினார். வலையில் கம்பியை நுழைக்க ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ஒருவர் பம்ப்பை அடிக்க வேண்டும், ஒருவர் அந்த ஓட்டை வழியாகக் கொக்கியைத் தட்ட வேண்டும்.

"நான் தட்டறேன்" என்றேன்.

நிதானம் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, "தட்டட்டும்" என்றார்.

நீளமான இரும்புக் கம்பியை வாங்கிக்கொண்டு ஓட்டைக்கு எதிரே நின்றேன். நிதானம் பம்ப்பை அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் உருளை ஒரு நூல் இறங்கியது. ஸ்பிரிங் இதற்கு மேல் அமுங்காது என்று நினைத்த இடத்தையும் தாண்டி அமுங்கியது. அதன் சுருள்கள் ஒன்றையொன்று தொட நெருங்கின. வலைக்குப் பின்னால் என் முகத்துக்கும் அதற்கும் ஒரு கை தூரம். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நான் காலையிலிருந்து வேறொருவரைச் சுமக்கவைத்திருந்தேன்.

"இப்ப தட்டுங்க. நிதானமா."

முதல் கொக்கி ஒரே தட்டில் விழுந்தது. இரண்டாவது, நழுவியிருந்த அது, வரவில்லை. கம்பி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை நுனியை அடியில் கொடுத்து நெம்பினேன். கொக்கி தெறித்து வலையில் மோதித் தரையில் உருண்டது. பட்டறை முழுக்க அந்தச் சத்தம் ஒரு முறை சுற்றி வந்தது.

நிதானம் பிரஸ்ஸின் திருகை இளக்கினார். ஸ்பிரிங், உட்கார்ந்திருந்தவர் முழங்காலில் கையூன்றி எழுவது போல, மெதுவாக எழுந்து தன் முழு உயரத்துக்கு வந்து நின்றது. அப்படி நின்றபோது அது வெறும் இரும்புதான்.

கொண்டுவந்திருந்த புதிய ஷாக்கை அங்கேயே, அதே பிரஸ்ஸில் வைத்துப் பூட்டிக் கொடுத்தார். உச்சி நட்டை அவரே இறுக்கினார். கிளாம்புகளில் ஒன்று இனி எதற்கும் ஆகாது. "வேற வெட்டிக்கறேன், போங்க" என்றார்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஸ்ட்ரட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். நான் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். மூன்றாவது தெருவில் ஆள் இல்லை. அவர் நின்றார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"இறுகினப்பவே."

"சாப்பிடும்போது தெரியும்."

"தெரியும்."

"ரெண்டு மணிக்கு நான் கன் போட்டேனே, அப்ப?"

"தெரியும் மாப்ள."

அவர் தலையை ஆட்டினார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. ஒரு லிஃப்டின் கயிற்றைத் தடவிப் பார்த்து, எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்பவர் போல இருந்தார்.

"கழுவினது தெரியாமப் பண்ணது. அதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். ஸ்ட்ரட்டைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். மீதிப் பாதியை அவர் சொல்லவே இல்லை.

வீட்டு வாசலில் தங்கை நின்றிருந்தாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்று அவர் ஷெட்டுக்குள் போனார். வழக்கம்போல நானும் பின்னால் போனேன். சாமான் பெட்டியைத் திறந்து பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, தங்கையிடம் சொன்னார்.

"அவரை உள்ள போய் உட்காரச் சொல்லு. நான் பார்த்துக்கறேன்."

ஆறு வருஷத்தில் என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஸ்பானரைப் பெட்டியில் பழைய இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்? ஏங்க, என்ன நடந்தது?"

காருக்கடியில் படுக்கப் போனவர் நின்றார்.

"உங்க அண்ணனைக் கேளு. அவருக்கு எப்பச் சொல்லணும்னு தோணுதோ, அப்பச் சொல்வாரு."

அவள் வந்து மாடிப்படியின் கடைசிப் படியில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஷெட்டுக்குள் ஓரிரு முறை இரும்பு இரும்பில் பட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. போல்ட் முடுக்கும் சத்தமோ, தரையில் உடம்பு நகரும் சத்தமோ எதுவும் வரவில்லை. அவரும் அங்கே கேட்கக் காத்திருந்தார்.